கொடைப் பட்டயமும் சொல்லாராய்ச்சியும்

ஐரோப்பிய வரலாற்றில் 15-ஆம் நூற்றாண்டு முதல் 17-ஆம் நூற்றாண்டு முடிய உள்ள காலத்தைத் தற்காலத்தின் தோற்றுவாய் என்பர் வரலாற்றாசிரியர். 1492-இல் கொலம்பஸ் மேற்கு நோக்கிக் கலஞ்செலுத்தியமையும், 1517-இல் மார்ட்டின் லூதர் திருச்சபையின் வழக்கங்களைக் கண்டித்தெழுந்தமையும், 1543-இல் கோப்பர்னிக்கஸின் வானநூல் வெளிவந்தமையும் அக்காலத்தின் திருப்பங்களாகப் பெரிதும் பேசப்பெறுகின்றன. அவற்றோடு ஒருங்கு வைத்து எண்ணத்தக்க திருப்பம் மற்றொன்றும் உண்டு. சொல்லுக்கும் காலம் உண்டு. ஆதலின் ஒரு நூல் தான் தோன்றிய காலத்தைத் தன் சொற்களாலேயே காட்டிவிடும் என்னும் கருத்தே அது. இக்கருத்து எவர் கையில், எந்நோக்குடன் வளர்ந்தது என்பதும், அந்நோக்கங்களைக் கடந்து எவ்வாறு நிலைபெற்றது என்பதும் ஈண்டு ஆராயப்பெறும்.

பட்டயமும் அதன் ஆட்சியும்

உரோமைப் பேரரசன் கான்ஸ்டன்டைன் தொழுநோயுற்றான் என்றும், போப்பாண்டவர் சில்வெஸ்டர் அவனுக்குத் திருமுழுக்களித்து அந்நோயைத் தீர்த்தார் என்றும், அதற்குக் கைம்மாறாக உரோமை நகரையும் இத்தாலியையும் பேரரசின் மேலைப்பகுதி முழுவதையும் அவர்க்கு வழங்கினான் என்றும் கூறும் பட்டயம் ஒன்று இடைக்கால ஐரோப்பாவில் வழங்கிற்று. 'கான்ஸ்டன்டைனின் கொடை' என்பது அதன் பெயர். உண்மையில் இது 8-ஆம் நூற்றாண்டளவில் புனையப்பட்டது என்பது இன்றைய அறிஞர் பலர் துணிபு. கான்ஸ்டன்டைன் திருமுழுக்குப் பெற்றது 337-இல், இறக்குந்தறுவாயில். சில்வெஸ்டரோ 335-இலேயே மறைந்தவர்.

எனினும் இப்பட்டயம் பல நூற்றாண்டுகள் செல்வாக்குடன் விளங்கியது. 11-ஆம் நூற்றாண்டில் போப்பாண்டவர் ஒன்பதாம் லியோ கீழைத் திருச்சபையோடு வழக்கிட்டபோது இதனைச் சான்று காட்டினார். திருச்சபைச் சட்டத் தொகுப்பிலும் இஃது இடம்பெற்றது. இக்கொடையால் விளைந்த கேட்டை எண்ணி வருந்திய தாந்தேயும் கொடை நிகழ்ந்ததை ஐயுற்றாரல்லர்.

மறுத்தோர் முன்னரும் இருந்தனர். பேரரசன் மூன்றாம் ஓட்டோ 1001-இல் இதனைப் புனைவென்று ஒதுக்கினான். ஆயின் அஃது அரசன் ஒருவனின் மறுப்பேயன்றி ஆய்வு முடிவன்று. குசா நகரினரான நிக்கலாஸ் 1433-இல், அக்காலத்து வரலாற்று நூல்களில் இக்கொடையைப் பற்றிய குறிப்பே இன்மையை எடுத்துக்காட்டி ஐயம் எழுப்பினார். பிறர் நூல்களின் மௌனம் அவர் சான்று. பட்டயத்தின் சொல்லையே சான்றாக்கும் வேலை எஞ்சி நின்றது.

வல்லாவின் தடைகள்

அதனை 1440-இல் செய்தவர் லாரென்சோ வல்லா. இலத்தீன் மொழியின் சொல்வழக்குகளைக் காலந்தோறும் வைத்துப் பயின்ற பெரும்புலவர் அவர். தம் பேரரசிற் பாதியை எந்த மன்னன் மனமுவந்து ஈவான் என்றும், ஈந்திருப்பின் ஆட்சி கைம்மாறியமைக்கு நாணயம் முதலிய அடையாளங்கள் எங்கே என்றும் முதற்கண் வினவினார். பின்னர்ப் பட்டயத்தின் சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்தார். அவர் கூறிய தடைகளுள் மூன்றனை நோக்குவாம்.

முதலாவது, பட்டயத்தில் உரோமை அலுவலருள் 'சத்ரப்' என்போர் எண்ணப்பெறுகின்றனர். பாரசீக மாகாண ஆளுநர்க்குரிய அப்பெயர் உரோமை ஆட்சியில் வழங்கியதன்று. இரண்டாவது, 'டயடம்' என்னும் முடியணி பொன்னாலும் மணிகளாலும் ஆயதாகப் பட்டயம் கூறுகின்றது. கான்ஸ்டன்டைன் காலத்தில் அச்சொல் துணியாலாய தலைப்பட்டையையே குறித்தது என்றார் வல்லா. மூன்றாவது, கான்ஸ்டன்டிநோபிள் தலைமைத் திருச்சபை நகரங்களுள் ஒன்றாக வைத்துரைக்கப்படுகின்றது. பட்டயம் தனக்கு உரியதாகக் கூறிக்கொள்ளும் காலத்தில் அந்நகர் நிறுவப்பெறவே இல்லை. பைசாந்தியம் என்பதே அவ்விடத்தின் பெயர்.

இம்மூன்றனுள் முதலாவது சொல்வழக்கைப் பற்றியது. இரண்டாவது சொற்பொருளின் மாற்றத்தைப் பற்றியது. மூன்றாவது பெயரின் வரலாற்றைப் பற்றியது. பிற்காலத்தான் முற்காலத்தானைப் போலப் பேச முயலுங்கால் அவனறியாமலே அவன் காலம் அவன் சொல்லில் வெளிப்படும் என்பதே இவற்றின் அடிப்படை.

நோக்கமும் சான்றும்

வல்லா நடுநின்று எழுதினார் எனக் கூறுதற்கில்லை. அவர் அரகான் மன்னன் அல்போன்சோவின் ஆதரவில் வாழ்ந்தவர். நேப்பிள்ஸ் அரசுரிமை பற்றி அம்மன்னன் போப்பாண்டவர் நான்காம் யூஜீனியஸுடன் பகைத்திருந்த காலத்திலேயே இந்நூல் எழுதப்பட்டது. ஆகவே இது புரவலனுக்குத் துணை செய்த நூல் என்று ஒதுக்கிவிடலாமோ எனின், ஒதுக்கலாகாது. எழுதியவன் நோக்கம் யாதாயினும், 'சத்ரப்' என்னும் சொல் உரோமை ஆட்சியில் வழங்கியதா, இல்லையா என்பதை இலத்தீன் பயின்ற எவரும் தாமே ஆராய்ந்து காணலாம். பகைவனும் சோதித்தறியத்தக்க சான்றாக அமைந்தமையே இவ்வாராய்ச்சியின் வலிமை.

பின்னிகழ்ச்சிகள் இதனை வலியுறுத்துகின்றன. வல்லாவே பின்னாளில் ஐந்தாம் நிக்கலாஸ் போப்பாண்டவராயிருந்தபோது உரோமையில் பணியேற்று, அடுத்துவந்த போப்பாண்டவர்க்குச் செயலாளராகவும் விளங்கி, 1457-இல் மறைந்தார். அறுபதாண்டுகட்குப் பின் ஜெர்மானியரான உல்ரிச் வான் ஹூட்டன் இந்நூலை அச்சேற்றிப் பரப்பினார். 1520-இல் அப்பதிப்பைப் படித்த லூதர் போப்பாண்டவரின் அதிகாரத்தின்மேல் கொண்டிருந்த ஐயம் மிகுந்தது. கையெழுத்துப் படிகளாய்ச் சிலரிடையே உலவிய ஆராய்ச்சி, அச்சினால் சமயப் போரின் படைக்கலம் ஆயிற்று. ஆயினும் அந்நூற்றாண்டின் இறுதியில், கத்தோலிக்கத் தரப்பில் நின்று திருச்சபை வரலாறு எழுதிய கர்தினால் பரோனியஸும் இப்பட்டயத்தைப் போலியென்றே கொண்டார். எதிர்த்தரப்பினரும் ஏற்றமையால் வழக்கு ஒருவாறு முடிந்தது.

காசோபனும் மபிய்யோனும்

அதே பரோனியஸை மறுத்து எழுதப்பெற்ற நூலிலேயே இம்முறையின் அடுத்த பெருவெற்றி அமைந்தது. 'ஹெர்மஸ்' என்னும் பழைய எகிப்திய முனிவர் மோசேயின் காலத்தையொட்டி அருளியன எனக் கருதப்பட்ட கிரேக்க நூல்கள் சில இருந்தன. 1463-இல் மார்சீலியோ ஃபிச்சீனோ அவற்றை இலத்தீனில் பெயர்த்த பின்னர் அவற்றின் பெருமை ஓங்கியது. இங்கிலாந்தில் முதலாம் ஜேம்ஸின் ஆதரவு பெற்ற ஐசக் காசோபன் 1614-இல், அவற்றின் நடையும் சொல்லும் பிற்காலக் கிரேக்கத்துக்குரியன என்றும், கிரேக்க மொழியிலன்றிப் பொருள்படாத சொல்விளையாட்டுகள் அவற்றில் உள்ளன என்றும் காட்டினார். கிறித்துவின் பிற்பட்ட நூற்றாண்டுகளில் அவை எழுதப்பட்டமை புலனாயிற்று.

மூன்றாவது வழக்கும் இத்தகையதே. 1675-இல் ஏசு சபையினரான பாப்பன்புரூக், பிரெஞ்சு மடங்களின் பழம்பட்டயங்கள் பலவற்றை ஐயுற்று எழுதினார். பெனடிக்ட் சபைத் துறவியான ழான் மபிய்யோன், தம் சபையின் பட்டயங்களைக் காக்கவே 1681-இல் விடையெழுதினார். ஆயின் அவ்விடை வெறும் வாதமாக அமையாது, எழுதுபொருள், எழுத்து, நடை, முத்திரை, நாட்குறிப்பு முதலியவற்றைக் கொண்டு பட்டயத்தின் மெய்ம்மை காணும் இலக்கணமாகவே அமைந்தது. பட்டய ஆய்வு எனத் தனித்துறை ஒன்று அதனின்று தோன்றியது. மறுக்கப்பட்ட பாப்பன்புரூக்கே அந்நூலைப் பாராட்டினார்.

முடிபு

வல்லா மன்னன் பொருட்டும், காசோபன் தம் சமயத் தரப்பின் பொருட்டும், மபிய்யோன் தம் மடத்தின் பொருட்டும் எழுதினர். மூவரும் ஒவ்வொரு பக்கம் சார்ந்தவரே. எனினும் அவர்கள் வகுத்த முறை எப்பக்கத்துக்கும் உரியதாயிற்று. இன்னார் கூறினார் என்பதற்காக ஏற்பதும் மறுப்பதும் தவிர்த்து, எவரும் சோதிக்கத்தக்க சான்றினைக் கேட்கும் வழக்கம் இதனால் வேரூன்றியது. ஆதலின் இதனை உலக வரலாற்றின் திருப்பங்களுள் ஒன்றெனல் தகும்.

இம்முறைக்கு எல்லையும் உண்டு. ஹெர்மஸ் நூல்களின் மொழி பிற்பட்டதென்று காசோபன் காட்டியது இன்றும் நிற்கின்றது. ஆயின் அவற்றின் கருத்துகளுள் பழைய எகிப்தியச் சமய மரபும் கலந்துள்ளது என்பது பிற்கால ஆராய்ச்சியாளர் பலர் கொள்கை. சொல்லின் காலம் வேறு. அச்சொல் தாங்கிவரும் கருத்தின் காலம் வேறு. மேலும், படியெடுத்தோர் புகுத்திய ஒரு பிற்காலச் சொல், நூல் முழுவதையும் பிற்காலத்ததாகத் தோன்றச் செய்தலும் கூடும். மபிய்யோன் ஓர் அடையாளத்தைக் கொண்டு மட்டும் பட்டயத்தின் மெய்ம்மையை முடிவு செய்யாது, எல்லாவற்றையும் ஒருங்கு நோக்குக என்று வற்புறுத்தியது இது பற்றியே. ஏட்டுச் சுவடிகளைக் கொண்டு பழநூல்களின் காலம் வரையறுக்கப் புகும் ஆராய்ச்சி மாணவர், வல்லாவின் கூர்மையோடு மபிய்யோனின் நிதானத்தையும் கைக்கொள்ளுதல் வேண்டும்.