ஓலை முதல் பைசல் வரை

நிலக்கோட்டை வட்டத்துச் சேவுகம்பட்டியில் வரப்புத் தகராறோ வாய்க்கால் தகராறோ மூண்டு, ஊர்ப் பெரியவர்களின் சமாதானம் பலிக்காமல் விவகாரம் கோர்ட்டுப் படியேறிவிட்டதென்றால், அதுவரை உழவும் பாய்ச்சலுமாக இருந்த குடியானவர், தாம் வக்காலத்தில் கையெழுத்திட்டதையும், வாய்தா தோறும் ஆஜரானதையும், எதிராளி நகல் கேட்டு மனுப் போட்டதையும், பள்ளிக்கூடத்தில் ஒருநாளும் படித்திராத சொற்களால் வெகு சரளமாக எடுத்துரைக்கத் தொடங்கிவிடுவார். அச்சொற்கள் எந்த அரசுகளின் பின்னே எந்த மார்க்கமாக அவர் நாவுக்கு வந்து சேர்ந்தன என்று விசாரிப்பது, இந்நாட்டு நீதி பரிபாலனத்தின் சரித்திரத்தையே விசாரிப்பதாகும்.

ஆதியில் வழக்காடுவதற்கு வேண்டிய சொற்கள் தமிழில் இல்லாமற் போகவில்லை. சோழர் காலத்துச் சாசனங்களில் பத்திரப் பதிவு நிகழும் இடம் ஆவணக் களரி எனப் பெயர் பெறுகிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரிய புராணத்திலோ முழு விசாரணை ஒன்றே நம் கண்முன் நடக்கிறது. சுந்தரரின் மணப் பந்தலில் வந்து நின்று, இவன் எனக்கு அடிமை என்று முதியவர் ஒருவர் வழக்குத் தொடுக்க, சுந்தரர் சினந்து அவர் கையிலிருந்த ஓலையைக் கிழித்தெறிய, வழக்கு திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குச் செல்கிறது. ஆட்சி, ஆவணம், அயலார் சாட்சி என்னும் மூன்றில் ஒன்றைக் காட்டுமாறு சபையோர் கேட்கின்றனர். கிழிக்கப்பட்டது படியோலையே என்று சொல்லி முதியவர் மூல ஓலையை நீட்டுகிறார். அதிலுள்ள கையெழுத்தைச் சுந்தரருடைய பாட்டனாரின் வேறோர் எழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தபின்னரே தீர்ப்பு பிறக்கிறது. அனுபோக பாத்தியம், தஸ்தாவேஜு, வாய்மொழிச் சாட்சியம் என்று பிற்காலத்தார் வகுத்துப் பேசிய பிரமாணங்கள் அனைத்தும் அந்தச் சபையில் முன்பே இடம்பெற்றுவிட்டன. வாதி, பிரதிவாதி, சாட்சி ஆகிய வடமொழிச் சொற்கள் தர்மசாஸ்திர மரபின் வழியே வந்து, வேற்றுமை தோன்றாமல் தமிழோடு கலந்துவிட்டவை.

நிலக்கோட்டை அடங்கிய திண்டுக்கல் சீமையின் கதையோ பிறகு வேறு திசையில் திரும்பிற்று. 1755-ல் ஹைதர் அலி மைசூர் அரசின் சார்பில் திண்டுக்கல்லின் பௌஜ்தாராக வந்தமர்ந்தார். பாரசீகச் சொற்கள் வழங்கும் ராஜாங்க முறை இங்கே வேரூன்றியது. 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி இச்சீமை கிழக்கிந்தியக் கும்பினியார் வசமான போது, அவர்கள் ஆட்களை மாற்றினார்களேயன்றிச் சொற்களை மாற்றவில்லை. ஜாமீன், ஜப்தி, தாவா, பைசல், வக்கீல், அமீனா ஆகிய யாவும் அரபியிலும் பாரசீகத்திலும் பிறந்து, கும்பினிக் கச்சேரியிலும் அப்படியே நிலைத்தன. சம்மனும் வாரண்டும் டிக்ரியும் அப்பீலும் அவற்றின்மேல் வந்து படிந்தன.

ஆயினும் இச்சொற்களைக் கிராமத்தின் நடுவே கொண்டுவந்து வைத்தது ஜில்லா கோர்ட்டன்று. 1816-ஆம் ஆண்டின் ரெகுலேஷன்களேயாகும். கும்பினி அதிகாரி தாமஸ் மன்றோவின் முயற்சியால் பிறந்த அச்சட்டங்களுள் ஒன்று, கிராமத் தலைவரையே கிராம முன்சீப்பாக்கி, 10 ரூபாய் வரையிலான ஜங்கம சொத்துத் தாவாக்களைத் தாமே தீர்க்கவும், இரு தரப்பாரும் மத்தியஸ்தத்துக்கு இசைந்தால் 100 ரூபாய் வரை விசாரிக்கவும் அதிகாரம் அளித்தது. ஊர்ச் சாவடியே நியாயஸ்தலமாயிற்று. வழக்காடுவோருக்கு இதனால் விளைந்த நன்மையை மறுப்பதற்கில்லை. ஆனால் அதே ஆண்டின் மற்றொரு ரெகுலேஷன், சில்லறைக் குற்றம் புரிந்தவரைச் சாவடியில் 12 மணி நேரம் அடைத்து வைக்கலாம் என்றும், தாழ்ந்த ஜாதியார் எனப்பட்டவர்களாயின் 6 மணி நேரம் தொழுமரத்தில் மாட்டலாம் என்றும் விதித்ததை எண்ணுகையில் நெஞ்சு பதறுகிறது. ஒரே குற்றத்துக்கு ஒருவருக்குச் சாவடித் திண்ணையும் மற்றொருவருக்குத் துளையிட்ட மரமுமாக, ஜாதி வித்தியாசத்தைச் சட்டத்தின் எழுத்திலேயே ஏற்றிவைத்த அநீதி அது. கிராம முன்சீப் என்னும் உத்தியோகம் 1980-ல் ஒழிந்து கிராம நிர்வாக அதிகாரி வந்தபோது, அம்முறையின் எச்சமும் நீங்கிற்று.

இத்தனை அரசுகளின் சுவடுகளையும் ஒருங்கே காண விரும்புவோர் பழைய கிரயப் பத்திரம் ஒன்றைப் பிரித்துப் படிக்கட்டும். சுத்தக் கிரய சாசனம் என்று வடமொழியில் தலைப்புத் தொடங்கும். புத்திர பௌத்திர பாரம்பரியமாய் சர்வ சுதந்திரங்களுடனும் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது என்று வாசகம் நீளும். சொத்து விவரத்துக்கு வந்ததும் நான்கெல்லைகளுக்குச் செக்குபந்தி என்று பாரசீகம் தலைகாட்டும். இறுதியில் ரிஜிஸ்டர் நம்பர் என்று ஆங்கிலம் முத்திரை குத்தும். அத்தனைக்கும் இடையே புஞ்சையும் கிணறும் வண்டிப்பாதையும் மட்டும் ஊர்ப் பேச்சிலேயே இருக்கும். ஏனெனில் வழக்கு வந்தால் சர்வே கல்லுக்குப் பக்கத்தில் நின்று கைகாட்டி நிரூபிக்க வேண்டியவை அவைதாம்.

ஜாமீனும் வாய்தாவும் அந்நியச் சொற்கள், அவற்றைக் களைந்தாலொழியத் தமிழ் நீதிமன்றம் தமிழாகாது என்று வாதிப்போருடன் என்னால் உடன்பட இயலவில்லை. பல தலைமுறைகளாக மக்கள் அலைந்தும் பணம் செலவழித்தும் தமதாக்கிக்கொண்ட சொற்கள் அவை. விளங்காத சொல் எதுவோ அதுவே அந்நியச் சொல். இதை நன்குணர்ந்தவர் மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை. 1805 முதல் 1861 வரை சதர் அதாலத் என்னும் தலைமைக் கோர்ட்டு அளித்த தீர்ப்புகளைத் திரட்டித் தமிழாக்கி, 1862-ல் சித்தாந்த சங்கிரகம் என்னும் நூலாக அவர் வெளியிட்டார். நீதிபதியும் வக்கீலும் கட்சிக்காரரும் தமிழராக இருக்க ஆங்கிலத்தில் வாதம் புரிவதன் கேட்டினைத் தம் பிரதாப முதலியார் சரித்திரத்திலும் கண்டித்தெழுதினார்.

கீழ்க்கோர்ட்டுகளில் இன்று தமிழில் வழக்கு நடத்தவும் தீர்ப்பெழுதவும் சட்டத்தில் இடமுண்டு. உயர்நீதிமன்றத்திலோ, அரசியல் சாசனத்தின் 348-ஆம் ஷரத்தை அனுசரித்து ஆங்கிலமே நிலவுகிறது. அங்கும் தமிழ் வழங்கவேண்டுமென்று 2006-ல் தமிழகச் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியும் அந்நிலை மாறவில்லை. நிலக்கோட்டையில் தமிழில் சாட்சி சொல்லிய சேவுகம்பட்டிக்காரரின் வழக்கு அப்பீலில் மதுரையிலுள்ள உயர்நீதிமன்றக் கிளைக்குப் போய்ச் சேர்ந்தால், வென்றோமா தோற்றோமா என்பதை அவர் இன்றும் வக்கீல் குமாஸ்தாவிடம் கேட்டே அறிகிறார்.