தன்னலமும் தன்னறிவும்: ஒரு மேயரின் கடிதம்

‘தன்னலம்’ என்ற சொல் எப்போது வசைச்சொல்லாயிற்று என்று வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள். தன் நலம், அவ்வளவுதான். கடிதம் எழுதிய காலத்தில் ‘நலம், நலமறிய ஆவல்’ என்றுதான் தொடங்கினோம். தன் நலத்தை முதலில் சொல்வதை யாரும் குறையாகக் கொள்ளவில்லை. அன்று எனக்கு உடனே விடை கிட்டவில்லை. வீடு திரும்பும் வழியில் நினைவுக்கு வந்தவர் பிரெஞ்சு எழுத்தாளர் மிஷெல் த மோந்தேன்.

1533இல் பிறந்தவர், போர்தோ நகரில் நீதிமன்றப் பணி. 1563இல் ஆருயிர் நண்பர் லா போயெசி இறந்தார். 1571இல், முப்பத்தெட்டு வயதில், பணியைத் துறந்து தம் மாளிகையின் கோபுர நூலகத்தில் அமர்ந்தார். அங்கே அவர் ஆராய எடுத்துக்கொண்ட பொருள் தாமேதான். தம் உணவு, உறக்கம், அச்சம், சிறுநீரகக் கல், மறதி, எதையும் விடவில்லை. அந்நூலின் முதல் பதிப்பு 1580இல் வெளிவந்தது. அதற்கு அவரிட்ட பெயர் ‘முயற்சிகள்’ என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல். நாம் கட்டுரை என்றழைக்கும் இலக்கிய வகைக்கு மேலைநாட்டில் அதுவே பெயராக நிலைத்துவிட்டது.

அடுத்த நூற்றாண்டில் பஸ்கால் இதை மூடத்தனமான முயற்சி என்று கடிந்தார். ‘நான்’ என்பதே அவருக்கு வெறுப்புக்குரியது. 1676இல் ரோமாபுரித் திருச்சபை நூலையே தடைப்பட்டியலில் சேர்த்தது. ரூஸோவின் குறை வேறுவிதமானது: மோந்தேன் தம் குறைகளுள் நாம் விரும்பத்தக்கவற்றை மட்டுமே காட்டினாராம். தம் ஐந்து குழந்தைகளையும் அநாதை இல்லத்தில் விட்டதைத் தாமே எழுதியவர் ரூஸோ. ஆகவே இப்படிக் கேட்க அவருக்கு ஓர் உரிமை இருந்தது என்றே நினைக்கிறேன். தன்னைக் காத்துக்கொள்ளும் இயற்கையான அன்பு வேறு, பிறரோடு ஒப்பிட்டுப் பார்ப்பதில் பிறக்கும் தன்மதிப்பு வேறு என்று 1755இல் பிரித்துக் காட்டியவரும் அவரே.

ரூஸோவின் ஐயத்திற்குச் சான்று தேடுவோர்க்கு ஒரு கடிதம் இருக்கிறது. மோந்தேன் 1581 முதல் 1585 வரை போர்தோவின் மேயர். பதவிக்காலம் முடியும் வேளையில் நகரில் கொள்ளைநோய் புகுந்தது. அவர் அப்போது நகருக்கு வெளியே இருந்தார். புதிய மேயரைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சிக்கு வர வேண்டும். 1585 ஜூலை இறுதியில் நகர மன்றத்தாருக்கு எழுதினார்: உங்கள் பணிக்காக உயிரையும் பொருட்படுத்தேன், ஆயினும் நகரின் நிலையைக் கருதி, நான் வருவது அவசியந்தானா என்று நீங்களே சொல்லுங்கள், அருகிலுள்ள ஊர்வரை வருகிறேன். அவர் நகருக்குள் போகவில்லை.

19ஆம் நூற்றாண்டில் இக்கடிதம் வெளிவந்தபோது கோழை என்றனர் சிலர். எனக்கு அந்தச் சொல்லில் உடன்பாடில்லை. பதவி முடியச் சில நாள்களே இருக்க, ஒரு சடங்குக்காக நோய்க்குள் நுழைவதால் யாருக்கு என்ன பயன்? உறுத்துவது வேறொன்று. 1588 பதிப்பில் தம் மேயர் பணியைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை இருக்கிறது. மேயரும் மோந்தேனும் எப்போதும் இருவராகவே இருந்தனர் என்கிறார். தனக்குத்தானே நண்பனாக இருப்பது எப்படி என்றும், பிறர்க்காகச் சிறிதும் வாழாதவன் தனக்காகவும் வாழ்ந்தவனாகான் என்றும் பேசுகிறார். தன்னலத்திற்கும் தன்மேல் கொள்ளும் அன்புக்கும் இடையே இவ்வளவு நுட்பமாகக் கோடு கிழித்தவர் அரியர். ஆனால் அந்த ஜூலை மாதம் அக்கட்டுரையில் இல்லை. தம் பல்லையும் வயிற்றையும் பற்றி எழுதியவருக்கு இது மறந்திருக்குமா?

1586இல் கொள்ளைநோய் அவருடைய நாட்டுப்புறத்துக்கே வந்தது. குடும்பத்தோடு ஆறு மாதம் அலைந்தார். இதை எழுதியிருக்கிறார், மனம் கலங்கும்படி. குடியானவர்கள் தம் குழிகளைத் தாமே தோண்டி அமைதியாக இறந்ததையும், நோய்க்கு அஞ்சித் தம் நண்பர்களே தம்மை ஏற்கத் தயங்கியதையும் சொல்கிறார். விருந்தோம்பலுக்குப் பெயர்பெற்ற தமக்கு ஒதுங்க ஓரிடமில்லை என்று வருந்துகிறார். அவ்வீட்டார் செய்தது போர்தோவின் மேயர் செய்ததைத்தான் என்பதை மட்டும் எழுதவில்லை.