முனையும் அடியும்

கூர்மையும் துல்லியமும் ஒன்று என்பது நம் பாஷையிலேயே படிந்துபோன எண்ணம். கூரிய பார்வை, கூரிய அறிவு, கூரிய சொல் என்று சொல்லிச் சொல்லி, குறி தவறாமல் போய்ச் சேர்வது எதுவானாலும் அது முனையில் கூராக இருந்தாக வேண்டும் என்று முடிவு கட்டியிருக்கிறோம். துப்பாக்கிக் குண்டின் சரித்திரம் இதற்கு ஒத்துவரவில்லை. அந்தச் சரித்திரத்தின் இரண்டு அத்தியாயங்கள் ஒரே ஊரில், கல்கத்தாவை அடுத்த டம்டம்மில், நடந்திருக்கின்றன. அதன் ஒரு கிளை நீலகிரியில் இருக்கிறது. திருப்பூரில் உட்கார்ந்துகொண்டு இதை எழுத எனக்கு அந்த அளவு பாத்தியதை போதும்.

(தோட்டா என்பது மருந்து, கூடு, குண்டு எல்லாம் சேர்ந்தது. நான் பேசுவது அதிலிருந்து பறந்து போகிற குண்டை மட்டும்.)

திருப்பூர்க்காரனுக்கு முனை என்றால் ஊசிமுனை. பனியன் துணி தைக்கிற ஊசி, நெசவுத் துணிக்கான ஊசியைப்போலக் கூராக இருக்காது. முனை சற்று உருண்டிருக்கும். கூராக இருந்தால் பின்னலின் நூலை அறுத்துவிடும். உருண்டிருந்தால் நூலை விலக்கிக்கொண்டு இடையில் இறங்கும். அந்த உருண்ட முனையில் சின்னப் பிசிறு கிளம்பினாலும் தையல் நெடுக ஓட்டை விழும். பவர் டேபிளில் உட்காருகிறவர்கள் ஊசியை விரல் நகத்தில் உரசியே இதைக் கண்டுபிடித்துவிடுவார்கள். ஆக, முனை கெட்டால் எல்லாம் கெட்டது என்பது இந்த ஊரில் அனுபவ உண்மை. குண்டு விஷயத்தில் அப்படி இல்லை என்று காட்டியவர் ஓர் அமெரிக்க டாக்டர்.

ஃப்ராங்க்லின் மான் என்ற அவர் குண்டுகளை வேண்டுமென்றே ஊனப்படுத்திச் சுட்டுப் பார்த்துக் கிடைத்ததையெல்லாம் 1909-ல் புத்தகமாகப் போட்டார். முனையைச் சிதைத்தபோது குறி பெரிதாகக் கெடவில்லை. அடியைச் சாய்வாக அராவியபோது குண்டு எங்கெங்கோ போயிற்று. காரணம் எளிது. குழாயின் வாயைக் கடைசியாகத் தாண்டுவது குண்டின் அடி. அது ஒரு பக்கம் குறைந்திருந்தால் பின்னாலிருந்து நெருக்குகிற வாயு அந்தப் பக்கமாக முதலில் பீறிட்டுக் குண்டைச் சாய்த்துவிடும். முனைக்கு இந்தக் கதி இல்லை. முனையில் இருக்கிற உலோகம் கொஞ்சம். அதுவும் சுழலும் அச்சை ஒட்டியே இருக்கிறது. விநாடிக்கு இரண்டாயிரம் மூவாயிரம் தடவை சுழல்கிற பொருளில் அச்சைவிட்டு விலகிய எடைதான் வழிதவறச் செய்யும். முனை மழுங்கினால் காற்று கூடுதலாகத் தடுக்கும். நூறு கஜத்தில் அது தெரியாது. அறுநூறு, ஆயிரம் கஜத்தில் குண்டு தாழ்ந்து விழும். ஒரே பெட்டியில் முனைகள் ஒன்றுக்கொன்று மாறுபட்டிருந்தால் மேலும் கீழுமாகச் சிதறும். முனையின் அதிகாரம் அவ்வளவுதான்.

இனி டம்டம்.

முதல் அத்தியாயம் நமக்குப் பள்ளிக்கூடத்திலேயே தெரிந்தது, பாதி மட்டும். 1857 ஜனவரியில் அங்கே ஒரு தொழிலாளி பிராமணச் சிப்பாயிடம் செம்பில் தண்ணீர் கேட்டதும், மறுத்தவனிடம், கொழுப்புத் தடவிய தோட்டாவைக் கடிக்கப்போகிற உனக்கு ஜாதி ஏது என்று அவன் சொன்னதும் எல்லாச் சரித்திரங்களிலும் வருகிறது. அந்தக் கொழுப்பு எதற்கு என்பது வருவதில்லை. புதிய என்ஃபீல்டு துப்பாக்கியின் உள்குழாயில் மரைகள் உண்டு. வாய்வழியாக நழுவி இறங்கும்படி குண்டு சிறுத்திருக்க வேண்டும். சுடும்போது மரையைக் கவ்வும்படி பருக்கவும் வேண்டும். அதனால் அடியைக் குடைந்து மரச்சக்கை வைத்தார்கள். மருந்து வெடித்ததும் அடி விரிந்து மரையைப் பற்றிக்கொள்ளும். கரி படிந்த குழாயில் இதெல்லாம் நடக்கத்தான் கொழுப்பு. நூறு கஜத்துக்கு அப்பால் நம்பமுடியாதிருந்த துப்பாக்கிக்கு அடுத்து வந்த இதில் 900 கஜம் வரை குறிபார்க்கும் அளவுகள் பொறித்திருந்தார்கள். அந்தத் துல்லியம் முழுக்க அடியில் நிகழ்ந்தது.

நாற்பது வருஷம் கழித்து அதே ஊரில் முனைக்கு வந்தார்கள். 1895-ல் சித்ரால் படையெடுப்பின்போது, 0.303 அங்குலக் குண்டு பட்ட பிறகும் மலைவாசிகள் நிற்காமல் வருகிறார்கள் என்று புகார் எழுந்தது. குண்டு ஈயத்தாலானது, மேலே கடினமான உலோக உறை, முனை உருண்டை. எடை சுமார் 14 கிராம். குறியில் குற்றமில்லை. மனிதனுக்குள் சுத்தமாகப் புகுந்து சுத்தமாக வெளியேறியதுதான் குற்றம்! டம்டம் ஆயுதசாலையின் காப்டன் பெர்ட்டி-க்ளே முனையில் உறையைக் கொஞ்சம் நீக்கி ஈயத்தை வெளியே தெரியவைத்தார். உடம்பில் பட்டதும் அது காளான்போல விரிந்தது. அந்த ஊர்ப் பெயர் உலக பாஷைகளில் ஏறியது இப்படித்தான்.

இங்கேதான் அடி பழிவாங்கியது. உறையிட்ட குண்டில் ஈயத்தை அடிவழியாகத்தான் நுழைப்பார்கள். அடியில் உறை மூடியிருக்காது. முனையையும் திறந்துவிட்டால் உறை இருபக்கமும் திறந்த குழல். வாயு ஈயத்தை மட்டும் உந்திக்கொண்டு போய், உறை குழாயிலேயே தங்கிவிடும் அபாயம் உண்டு. அடுத்த குண்டு அதில் போய் மோதும்.

1899 ஜூலை 29-ல் ஹேக் மாநாடு இத்தகைய குண்டுகளைத் தடைசெய்தது. பிரிட்டன் சார்பில் சர் ஜான் ஆர்டா வாதாடினார்: நாகரிக நாட்டுச் சிப்பாய் குண்டு பட்டால் ஒதுங்கிவிடுவான், காட்டுமிராண்டி ஒதுங்கமாட்டான். இவ்வளவு பச்சையாக ஒரு மானுடவியலை உலோகத்தில் வார்த்தது வேறெங்கும் இருக்குமா தெரியவில்லை. பிரிட்டன் 1907 வரை ஒப்பவில்லை. ஒப்புக்கொண்டவர்களுக்கும், தங்களுக்குள் நடக்கிற போரில்தான் அது செல்லும். எல்லைப்புற மலைவாசி எந்த மாநாட்டிலும் கையெழுத்திட்டவனில்லை.

1910-ல் பிரிட்டன் கூர்முனைக் குண்டுக்கு மாறியது. ஃப்ரான்ஸும் ஜெர்மனியும் முன்பே மாறியிருந்தன. சுமார் 11 கிராம். விநாடிக்கு 744 மீட்டர். காற்றைக் கிழிக்கிற கூர்மைதான் இதன் நியாயம். முனை முழுக்க மூடியிருந்தது. சட்டம் குறைசொல்ல இடமில்லை. ஆனால் மூடிய முனைக்குள்ளே ஈயத்துக்குப் பதில் அலுமினியத்தை வைத்தார்கள். பிற்பாடு காகிதக் கூழ், மரக்கூழ். எடை பின்னுக்குப் போயிற்று. காற்றில் சுழற்சி அதை நேராக வைத்திருக்கும். சதையில் அந்தச் சுழற்சி போதாது. குண்டு குப்புறப் புரளும். உருவமா உள்ளடக்கமா என்று நம் பத்திரிகைகளில் வருஷக்கணக்காக நடக்கிற சண்டையில் இந்தக் குண்டை யாரும் உதாரணம் காட்டாதது எனக்கு ஆச்சரியம்.

நீலகிரிக்கு வருகிறேன். நான் வேலை பார்க்கிற கிளையில் கழிவுப் பஞ்சு வியாபாரிகளும் ஓ.இ. மில்காரர்களும் கணக்கு வைத்திருக்கிறார்கள். நூற்பாலை ஒதுக்கிய கழிவு இங்கே மறுபடி நூலாகிறது. நைட்ரிக் அமிலத்தில் விழுந்தால் அதே கழிவு வெடிபஞ்சாகிவிடும். அதை நைட்ரோகிளிசரினோடும் வாஸ்லீனோடும் பிசைந்து இழை இழையாகப் பிழிந்தால் கார்டைட். 0.303 தோட்டாவின் மருந்து இதுதான். முதல் கலவையில் நைட்ரோகிளிசரின் 58 பங்கு, வெடிபஞ்சு 37. அது எரிகிற சூட்டில் குழாயின் மரைகள் அரித்துக் குறி கெட்டது. போயர் யுத்தத்துக்குப் பின் விகிதத்தைத் திருப்பி வெடிபஞ்சை 65 பங்காக்கினார்கள். எந்த முனையும் தராத துல்லியத்தைப் பஞ்சு காப்பாற்றிக் கொடுத்தது. அருவங்காட்டுக் கார்டைட் தொழிற்சாலை 1903-ல் ஏற்பட்டது. காட்டேரி அருவியிலிருந்து அதற்கு மின்சாரம். 2021-லிருந்து அது மியூனிஷன்ஸ் இந்தியா கம்பெனியின் கீழ் இருக்கிறது. ஊட்டி ரயிலில் போகிறவர்கள் அருவங்காடு ஸ்டேஷனில் இறங்காமல் தாண்டிவிடுகிறார்கள்.

முனையின் கதை அதோடு நிற்கவில்லை. பிற்பாடு வேட்டைக் குண்டுகளுக்குப் பிளாஸ்டிக் முனை வந்தது. சில பிளாஸ்டிக் முனைகள் பறக்கும்போதே காற்றின் உராய்வில் இளகி உருமாறுவதை ஹார்னடி கம்பெனி ரேடாரில் கண்டு, 2015-ல் வேறு பிளாஸ்டிக்குக்கு மாறியது. போட்டிகளில் நெடுந்தூரக் குறிக்கு இன்று பரவலாகப் பயன்படுவது இன்னொரு வகை: உறையின் மூடிய பக்கம் அடியில், ஈயத்தை முனைவழியாக நுழைத்துப் பின் முனையைக் குறுக்குகிறார்கள். அடி அப்பழுக்கில்லாமல் இருக்கிறது. முனையில் குண்டூசித் தலையளவு துளை மிஞ்சிவிடுகிறது.

1899-ல் தடைசெய்யப்பட்டதும் துளைதானே என்ற கேள்வி அமெரிக்க ராணுவத்துக்கு வந்தது. 1990-ல் அவர்களுடைய சட்ட அதிகாரிகள் எழுதிய அபிப்பிராயம்: இந்தத் துளை விரிவதற்காக வைத்ததல்ல, அடியை மூடியதன் விளைவு, ஆகவே தடையில்லை. அறிவிப்பின் வாசகமோ, உட்பொருளை முழுவதும் மூடாத உறை கூடாது என்கிறது. அதை அட்சரம் பிசகாமல் எடுத்துக்கொண்டால், மாநாட்டில் கூடியவர்களின் படைகள் வைத்திருந்த சாதாரண உறைக்குண்டும் அடியில் ஈயம் தெரிகிற குண்டுதான். அதைத் தொடர்ந்து உபயோகித்தார்கள்.