ஸ்மார்ட் போர்டு வந்தாச்சு, கூட உட்கார ஆள் வந்தாச்சா? ஆய்க்குடியிலிருந்து ஒரு வரலாறு

தென்காசின்னு சொன்னதும் குற்றாலச் சாரலும் பார்டர் பரோட்டாவும்தான் ஞாபகம் வரும். எனக்கும் அப்படித்தான். ஆனா இன்னைக்கு அந்தப் பக்கத்தோட வேற ஒரு வரலாறு பேசப்போறேன். பார்வை, செவித்திறன், உடல் அசைவு, கற்கும் வேகம்னு ஒவ்வொரு விதத்தில் மாறுபட்ட பிள்ளைகளுக்காக என்னென்ன கருவிகள் வந்தன, அவற்றைப் பயன்படுத்தச் சொல்லிக்கொடுத்தது யார் என்பதுதான் கதை.

தென்காசி தனி மாவட்டமானது 2019 நவம்பர் 22-ல்தான். அதுக்கு முன்னாடி அது திருநெல்வேலி மாவட்டம். அதனால பாளையங்கோட்டையில் இருந்து ஆரம்பிக்கிறேன். 1890-களில் அஸ்க்வித் என்ற மிஷனரி ஆசிரியை அங்கே பார்வையற்ற பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். அதே காலகட்டத்தில், அதே ஊரில், ஃபுளோரன்ஸ் ஸ்வெயின்சன் காது கேளாத பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார்.

அன்றைய வகுப்பறைத் தொழில்நுட்பம்னா பிரெயில்தான். மொத்தம் ஆறே புள்ளி. தமிழில் 247 எழுத்து. எப்படி அடங்கும்? உயிரையும் மெய்யையும் தனித்தனியா வச்சாங்க. இப்போ நாம பயன்படுத்தும் பாரதி பிரெயிலில் 'கி' எழுதணும்னா, 'க'வுக்கான புள்ளிகள், பக்கத்துல 'இ'க்கான புள்ளிகள். அவ்வளவுதான். இந்தியிலும் அதே புள்ளிகள். ஆனா இந்த ஒரே முறைக்கு நாடு வந்து சேர்ந்தது 1951-ல். அதுவரை ஒவ்வொரு பகுதியும் தனக்குன்னு ஒரு முறை வச்சிருந்தது.

முறை முடிவானதும் வேலை முடிஞ்சிடல. காகிதத்தில் புள்ளி குத்திடலாம். பிள்ளையோட விரலைப் பிடிச்சு வரிமேல ஓட்டிக் காட்ட ஒருத்தர் பக்கத்துல உட்காரணும். அப்படிப்பட்டவங்க சிறப்புப் பள்ளியில் இருந்தாங்க. தென்காசிப் பக்கத்துக் கிராமத்துப் பிள்ளைக்கு அந்தப் பள்ளி ஐம்பது கிலோமீட்டருக்கு மேல்.

இந்த இடத்தில்தான் ஆய்க்குடி வருது. தென்காசியில் இருந்து கொஞ்ச தூரம்தான். அந்த ஊர்க்காரர் எஸ். ராமகிருஷ்ணன், பொறியியல் மாணவரா இருந்தப்போ, கடற்படை அதிகாரி தேர்வில் கீழே விழுந்தார். கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்தது. ராணுவ மருத்துவமனையில் தனக்குச் சிகிச்சை தந்த மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரால், 1981-ல் சொந்த ஊரிலேயே 'அமர் சேவா சங்கம்' தொடங்கினார். அது சர்வதேச மாற்றுத்திறனாளிகள் ஆண்டு. 1992-ல் தசைச்சிதைவு நோயுள்ள பட்டயக் கணக்காளர் எஸ். சங்கரராமன் இணைந்தார். ராமகிருஷ்ணனுக்கு 2020-ல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

அதே 1980-களின் தொடக்கத்தில், அமெரிக்காவில் புரூஸ் ஜாய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் ஆசிரியர் பயிற்சி பற்றி ஒரு விஷயம் சொன்னாங்க. விரிவுரை கேட்டு, செய்முறை பார்த்துவிட்டு வரும் ஆசிரியர், அதை வகுப்பில் தொடர்ந்து செய்வது அரிது. வகுப்புக்கே ஒருத்தர் வந்து, பார்த்து, திருத்தி, மறுபடி வரணும். இதுக்குத்தான் 'கோச்சிங்'னு பேர் வச்சாங்க.

ஆய்க்குடியில் அந்த யோசனை வேற வடிவத்தில் நடந்தது. 2010-களில் 'எனேபிளிங் இன்க்ளூஷன்' என்ற செயலி வந்தது. கிராமத்துக் களப்பணியாளர் வீட்டுக்குப் போறார். குழந்தை உட்காருதா, பேச்சு வருதா, கை எப்படிப் பிடிக்குதுன்னு செயலியில் பதிகிறார். இயன்முறை மருத்துவர், பேச்சுப் பயிற்சியாளர், சிறப்பாசிரியர் போன்ற வல்லுநர்கள் அதைப் பார்த்து, அடுத்த இலக்கைச் சேர்ந்து முடிவு செய்றாங்க. எல்லா ஊருக்கும் வல்லுநரை அனுப்ப முடியாது; அவரோட கவனத்தை அனுப்பலாம். களப்பணியாளர் அதைத் தாய்க்குச் சொல்லிக்கொடுக்கிறார். பீடி சுற்றும் சொளவை ஓரமா வச்சிட்டு, அந்த அம்மா குழந்தையோட உட்கார்ந்து செய்யக்கூடிய பயிற்சியா அது இருக்கணும். இல்லைன்னா செயலியில் எவ்வளவு பதிவு இருந்தும் புண்ணியமில்லை.

இப்போ பொதுப் பள்ளிக்கு வருவோம். 2009 கல்வி உரிமைச் சட்டத்துக்குப் பிறகு பக்கத்துப் பள்ளி எந்தப் பிள்ளையையும் சேர்க்க மறுக்க முடியாது. 1995 சட்டத்தில் 7 வகையா இருந்த இயலாமை, 2016 சட்டத்தில் 21 வகை ஆச்சு. 2018-ல் பாடநூலில் கியூஆர் கோடு வந்தது. இப்போ ஸ்மார்ட் போர்டு. ஆனா திரையில் ஓடும் வீடியோவுக்கு எழுத்து இல்லைன்னா காது கேளாத பிள்ளைக்கு அது வெறும் படம். திரையில் இருப்பதை ஆசிரியர் வாய்விட்டுச் சொல்லலைன்னா பார்வைக் குறைவுள்ள பிள்ளைக்கு அது வெறும் சத்தம். ரெண்டுக்குமே புதுக் கருவி தேவையில்லை. எங்கே நிறுத்தணும், எதைப் படிச்சுக் காட்டணும், எழுத்தை எவ்வளவு பெருசாக்கணும்னு ஆசிரியரோட வகுப்பில் உட்கார்ந்து பார்த்துச் சொல்ல ஒருத்தர் வேணும்.

நம்ம அமைப்பில் அதுக்கான ஆட்கள் இருக்காங்க. வட்டார வள மையத்தில் ஆசிரியர் பயிற்றுநர்கள், பள்ளிக்கும் வீட்டுக்கும் போகும் சிறப்பாசிரியர்கள். அவங்க நாள் முழுக்கப் படிவம் நிரப்பிட்டிருந்தா, கடைசி பெஞ்சில் இருக்கும் பிள்ளைக்கு 1890-ம் இன்றும் ஒண்ணுதான்.

அதனால அடுத்த தடவை உங்க அலுவலகம் ஏதாவது பள்ளிக்கு டேப்லெட் வாங்கித் தர நன்கொடை கேட்டா, தாராளமா கொடுங்க. கூடவே ஒரு கேள்வியும் கேளுங்க: இதைச் சொல்லிக்கொடுக்க யார் வருவாங்க, மாசத்துக்கு எத்தனை தடவை? பதில் கிடைச்சா எங்களுக்கும் எழுதுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.