ஸ்காட்லாந்துக் கணக்கில் பிறந்த பட்டை

அலுவலக டாஷ்போர்டு எதைத் திறந்தாலும் ஒரு பட்டை வரைபடம் இருக்கும். அது பிறந்ததே பற்றாக்குறையில்தான். ஜேம்ஸ் வாட்டிடம் வரைவாளராக இருந்த வில்லியம் பிளேஃபேர், 1786-இல் லண்டனில் வணிகக் கணக்குகளைப் படமாக்கி ஒரு அட்லஸ் வெளியிட்டார். இங்கிலாந்தின் வணிகத்துக்கு ஆண்டுவாரிக் கணக்கு கிடைத்ததால் கோடு இழுத்துவிட்டார். ஸ்காட்லாந்துக்கோ ஓராண்டுக் கணக்குதான் அகப்பட்டது: 1780 கிறிஸ்துமஸிலிருந்து 1781 கிறிஸ்துமஸ் வரை. ஒற்றை ஆண்டை வைத்துக்கொண்டு கோடு ஏறுகிறதா இறங்குகிறதா என்று எப்படிக் காட்டுவது?

அதனால் ஸ்காட்லாந்து வணிகம் செய்த பதினேழு இடங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு பட்டைகள் போட்டார். ஏற்றுமதிக்குக் கறுப்பு, இறக்குமதிக்கு வரிவரியான பட்டை. குத்துக்கோடு ஒவ்வொன்றும் பத்தாயிரம் பவுண்டு. அயர்லாந்தின் ஏற்றுமதிப் பட்டை மற்றவற்றைத் தாண்டி நீண்டது. காலத்தைக் காட்டாத இந்தப் படம் மற்றவற்றைவிடப் பயன் குறைந்தது என்று பிளேஃபேரே எழுதினார். 1801-இல் அவர் தந்த வட்ட வரைபடத்தைவிட இதைத்தான் நான் நம்புவேன். கோணத்தைவிட நீளத்தை ஒப்பிடுவது கண்ணுக்குச் சுலபம்.

அடுத்த இரு நூற்றாண்டுகளும் பட்டை பெரும்பாலும் கையால் வரையப்பட்டது. 1983-இல் லோட்டஸ் 1-2-3 என்ற விரிதாள் மென்பொருள் வந்த பிறகு, அட்டவணையில் ஓர் எண்ணை மாற்றி எஃப்10 விசையைத் தட்டினால் படமும் மாறி வந்தது. பிறகு ஸ்டான்ஃபோர்டில் கிறிஸ் ஸ்டோல்டே, டயான் டாங், பேட் ஹன்ரஹான் மூவரும் போலாரிஸ் என்ற ஆய்வுக் கருவியைச் செய்தார்கள். ஹன்ரஹான் பிக்ஸாரின் தொடக்க காலப் பொறியாளர். பொம்மைப் படம் எடுக்க உதவிய கை விற்பனைக் கணக்குக்கும் உதவியது. போலாரிஸில் தரவின் தலைப்பை இழுத்துப் போட்டால் படம் தானே வரும். அதிலிருந்து 2003-இல் பிறந்ததுதான் டாப்லோ என்ற மென்பொருள் நிறுவனம். 2019-இல் சேல்ஸ்ஃபோர்ஸ் அதை 1,570 கோடி டாலருக்கு வாங்கியது.

கிளவுடுக்குப் போன பட்டைக்குச் சொந்த உடம்பு கிடையாது. மேலாளர் பிரவுசரில் டாஷ்போர்டைத் திறந்ததும், 'கிளைவாரியாக விற்பனையைக் கூட்டிக் கொடு' என்ற கேள்வி எஸ்க்யூஎல் மொழியில் தரவுக் கிடங்குக்குப் போகிறது. பிக்குவெரி, ஸ்னோஃபிளேக் போன்ற கிடங்குகள் அட்டவணையைப் பத்தி பத்தியாகப் பிரித்துச் சேமிப்பவை. நாற்பது பத்திகள் இருந்தாலும் கிளை, தொகை இரண்டை மட்டும் படித்தால் போதும். கோடிக்கணக்கான பில்கள் சுருங்கி பத்துப் பன்னிரண்டு எண்களாகத் திரும்பி வர, பிரவுசர் அவற்றைச் செவ்வகங்களாக வரைகிறது. பிக்குவெரியின் ஒரு கட்டண முறையில், படித்த தரவின் அளவுக்குத்தான் காசு. திங்கள்கிழமை மீட்டிங்கில் எல்லாரும் ஒரே படத்தைத் திறப்பார்கள் என்பதால், ஒருமுறை கூட்டிய விடையையே எடுத்து வைத்துத் திரும்பத் திரும்பக் காட்டுவதும் உண்டு.

வரைவது இவ்வளவு சுலபமானதும் சண்டை இடம் மாறியது. விற்பனைப் பிரிவின் பட்டை நீளமாக இருக்கும், கணக்குப் பிரிவின் பட்டை குட்டையாக இருக்கும். இரண்டுக்கும் தலைப்பு 'விற்பனை'தான். ஒருவர் ஆர்டர் வந்ததுமே எண்ணுகிறார், மற்றவர் திரும்பி வந்த சரக்கைக் கழித்த பிறகு எண்ணுகிறார். 2012-இல் தொடங்கிய லுக்கர் என்ற மென்பொருள் நிறுவனம் இந்த இடத்தில்தான் கைவைத்தது: விற்பனை என்றால் எது என்று ஒரே இடத்தில் எழுதி வையுங்கள், எல்லாப் படங்களும் அங்கிருந்தே எடுத்துக்கொள்ளட்டும் என்றது. 2020-இல் அந்த நிறுவனம் 260 கோடி டாலருக்கு கூகுளின் கைக்குப் போனது. அந்த ஒரு வரியில் எதை எழுதுவது என்று முடிவுசெய்ய மட்டும் இரண்டு பிரிவுக்காரர்களும் இன்னும் ஒரே அறையில் உட்கார்ந்து மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது.