நோட்டுப் புத்தகமும் காணொளியும்

தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் மணிக்கணக்கில் வாடகைக்கு விடப்பட்ட சைக்கிள் பற்றிய தகராறுகளை, ஆளை அறிந்து வண்டி கொடுத்த கடைக்காரரின் நோட்டுப் புத்தகமே தீர்த்துவைத்தது. 2023 மே மாதம் நியூயார்க்கில், செயலிவழி எடுக்கப்படும் வாடகை மிதிவண்டிக்காக மருத்துவமனை ஊழியர் ஒருவருக்கும் இளைஞர்கள் சிலருக்கும் இடையே எழுந்த தகராறிலோ, ரசீதுகள் வெளிவருமுன்பே சிறு காணொளியொன்று தீர்ப்பளித்துவிட்டது.

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில் வழித்தடத்தில் 2021 டிசம்பரில் நேர்ந்தது இதனினும் சிக்கலானது: ஆப்பிளுக்குக் கைபேசி செய்துதரும் பாக்ஸ்கான் ஆலைப் பெண் தொழிலாளர்களின் விடுதி உணவு நஞ்சாகி நூற்றுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர, சிலர் இறந்துவிட்டதாக வாட்ஸ்அப்பில் பரவிய வதந்தியும் சேர்ந்து, சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் மறியல் மூண்டது. இறப்புச் செய்தி பொய். விடுதியின் சீர்கேடோ மெய். அம்மாத இறுதியில் ஆப்பிள் நிறுவனம் அந்த ஆலையை, குறைகள் தீரும்வரை நெருங்கிக் கவனிக்கும் தகுதிகாண் நிலையில் வைத்தது.