வரவில்லாத கணக்கு



சென்ற மாதம் எமது ஞாயிறு நிகழ்ச்சிக்கு ஒரு சிறுவன் தொலைபேசி எடுத்து, "அங்கிள், சீட்டாவும் சிறுத்தையும் ஒன்றா?" என்று கேட்டான். "ஓம் தம்பி, ஒன்றுதான்" என்று நானும் சொல்லிவிட்டேன். வீடு திரும்பும் வழியில் சந்தேகம் வந்தது. புத்தகங்களைப் புரட்டிப் பார்த்தேன். நான் சொன்னது பிழை. அதைத் திருத்தவே இம்மாத உரை.

எங்கள் ஊர்க் காடுகளில் உள்ள சிறுத்தை வேறு மிருகம். ஆங்கிலேயர் காலத்தில் இலங்கையில் இருந்த வெள்ளையர்கள் பலர் அதைச் 'சீட்டா' என்றே அழைத்தார்கள். அந்தக் குழப்பம் எங்கள் வாயிலும் ஒட்டிக்கொண்டது. உண்மையான சீட்டா இலங்கைக் காடுகளில் இருந்ததில்லை. அது மெலிந்த உடலும் நீண்ட கால்களும் கொண்டது. கண்ணிலிருந்து வாய் வரை, அழுத தடம் போல ஒரு கறுப்புக் கோடு இருக்கும். தமிழில் அதற்குச் சிவிங்கி என்று தனிப்பெயரே உண்டு. இந்தியாவில் தெற்கே திருநெல்வேலி வரை ஒரு காலத்தில் அது இருந்ததாகப் பதிவுகள் உள்ளன. இன்று பெயர் அகராதியில் இருக்கிறது. மிருகம் இல்லை.

எப்படி இல்லாமல் போனது? நான் கணக்கு எழுதிப் பிழைப்பவன். ஆகவே இந்த வரலாற்றையும் ஆரம்ப இருப்பு, வரவு, செலவு, மிச்சம் என்றுதான் என்னால் பார்க்க முடிகிறது.

இந்திய அரசர்கள் சிவிங்கியை வெறுக்கவில்லை. அதன்மேல் பெரும் ஆசை வைத்தார்கள். அதைப் பிடித்துப் பழக்கி, கண்ணைக் கட்டி மாட்டு வண்டியில் ஏற்றிச் சென்று, வெளிமான் கூட்டத்தைக் கண்டதும் அவிழ்த்து விடுவார்கள். தாயைப் பிரித்து வளர்த்த குட்டிக்கு வேட்டை தெரியாது. அதனால் வளர்ந்த மிருகங்களையே காட்டில் பிடித்தார்கள்.

1556 முதல் 1605 வரை ஆண்ட அக்பர் இதில் எல்லோரையும் விஞ்சியவர். தன் தந்தை 1,000 சிவிங்கிகளை ஒன்றாகச் சேர்த்தார், அவை இணைசேர வேண்டுமென்று மிகவும் விரும்பினார், ஆனால் அது நடக்கவில்லை என்று மகன் ஜஹாங்கீர் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். ஜஹாங்கீர் காலத்தில், 1613 அளவில், ஓர் ஆண் கழுத்துப்பட்டியிலிருந்து நழுவிப் பெண்ணிடம் போக, மூன்று குட்டிகள் பிறந்தன. மனிதர் பிடியில் சிவிங்கி குட்டி போட்டதற்கான அடுத்த பதிவு 1956இல், அமெரிக்காவில் பிலடெல்பியா மிருகக்காட்சிசாலையில்தான் கிடைக்கிறது. இடையில் ஏறக்குறைய 340 வருடங்கள்.

இந்தக் கணக்கின் ஓட்டை இங்கேதான். அரண்மனையில் ஒன்று செத்தால், காட்டில் இன்னொன்றைப் பிடிக்க வேண்டும். அரண்மனையிலிருந்து காட்டுக்கு ஒன்றும் திரும்பவில்லை. எடுப்பு மட்டும் உண்டு, வைப்பு இல்லை. எவ்வளவு பெரிய முதலானாலும் அது கரையத்தான் செய்யும்.

பிறகு ஆங்கிலேயர் வந்தார்கள். புல்வெளிகளும் பற்றைக்காடுகளும் வயல்களாக மாறின. வெளிமான்கள் குறைந்தன. சிவிங்கியைக் கொன்று வந்தால் பணம் என்றும் அறிவித்தார்கள். 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பாவ்நகர், கோலாப்பூர் சமஸ்தானங்கள் வேட்டைக்கு ஆபிரிக்காவிலிருந்து சிவிங்கிகளை இறக்குமதி செய்தன. உள்ளூர் இருப்பு முடிந்துவிட்டதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். 1947இல் கொரியா சமஸ்தான மகாராஜா ராமானுஜ் பிரதாப் சிங் தேவ் ஓர் இரவில் மூன்று ஆண் சிவிங்கிகளைச் சுட்டார். இந்தியாவில் நிச்சயமாகப் பதிவான கடைசிச் சிவிங்கிகள் அவை. 1952இல் அந்த இனம் நாட்டில் அற்றுப்போனதாக அரசாங்கம் அறிவித்தது.

ஆசியச் சிவிங்கி இன்று ஈரானில் மட்டுமே மிஞ்சியிருக்கிறது, அதுவும் சில பத்துக்கு மேல் இல்லை. அங்கே துப்பாக்கியைவிட நெடுஞ்சாலை வாகனங்களும் மந்தை நாய்களும் இரை மான்களின் குறைவும் பெரிய எதிரிகள். ஆபிரிக்காவையும் சேர்த்து உலகில் இருப்பவை ஏறக்குறைய 7,000. அவற்றில் பெரும்பாலானவை சரணாலயங்களுக்கு வெளியே, மனிதரும் ஆடுமாடுகளும் உள்ள நிலத்தில் திரிகின்றன.

2022 செப்டம்பரில் நமீபியாவிலிருந்து 8 சிவிங்கிகளை மத்தியப் பிரதேசத்தின் குனோவுக்குக் கொண்டு வந்தார்கள். 2023இல் தென்னாபிரிக்காவிலிருந்தும் வந்தன. சில இறந்தன, குட்டிகளும் பிறந்தன. போனது ஆசிய இனம், வந்தது ஆபிரிக்க இனம். பழைய கடனை அப்படியே அடைத்ததாக எழுத முடியாது. ஆனாலும் வரவுப் பக்கத்தில் 70 வருடங்களுக்குப் பிறகு விழுந்த முதல் பதிவு அது.

அக்பரின் ஆசை இன்னும் சாகவில்லை என்பதுதான் என் கவலை. ஆபிரிக்காவின் கொம்புப் பகுதியில் தாயிடமிருந்து பறித்த குட்டிகள் ஏடன் வளைகுடா வழியாகக் கடத்தப்பட்டு, வளைகுடா நாடுகளின் பணக்கார வீடுகளுக்குச் செல்லப்பிராணிகளாகப் போகின்றன. வழியிலேயே பல செத்துவிடுகின்றன. 1975 முதல் சர்வதேச உடன்படிக்கை இந்த வணிகத்தைத் தடைசெய்திருந்தும் இது நடக்கிறது. காரின் முன் ஆசனத்தில் சிவிங்கி இருக்கும் படத்தைப் பார்த்து "எவ்வளவு வடிவு" என்று நாங்கள் சொல்லும்போது, அந்தக் கணக்கில் எங்கள் கையெழுத்தும் விழுகிறது.

மாற்று வழியும் உண்டு. நமீபியாவில் ஆட்டுக்காகச் சிவிங்கியைச் சுட்டுக்கொண்டிருந்த பண்ணையாளர்களுக்கு 1994 முதல் பெரிய காவல் நாய்களைக் கொடுத்து வருகிறார்கள். நாய் குரைக்க, சிவிங்கி விலகிப் போகிறது. ஆடும் தப்புகிறது, சிவிங்கியும் தப்புகிறது. பெரிய செலவில்லை. செலவுப் பக்கத்தைக் குறைத்தாலே மிச்சம் கூடும் என்பது கணக்குப் படிக்கும் எவருக்கும் முதல் வகுப்புப் பாடம்.

அன்று கேட்ட தம்பிக்கு: சீட்டா வேறு, சிறுத்தை வேறு. சீட்டாவுக்குத் தமிழில் சிவிங்கி என்று பெயர். உங்கள் தமிழ்ப் பள்ளிக்கூட நண்பர்களுக்கும் சொல்லுங்கள். பெயராவது எங்களிடம் இருக்கட்டும்.

அடுத்த மாதம் மீண்டும் சந்திப்போம்.